சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி

பையனின் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன். சேர்வராயன் மலையில் என்னிடம் படித்தவன், பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போனவன். இவ்வளவு போதும்.

ஒரு பிப்ரவரிக் காலையில் அவனுடைய அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பையனைப் புடிச்சிட்டுப் போயி நாலு நாள் ஆச்சுங்க. ஜெயில்ல போட்டுட்டாங்க." களத்தில் காயவைத்திருந்த மிளகு மூட்டை காணாமல்போன வழக்கு. கூடச் சிக்கிய இருவரும் இருபதைத் தாண்டியவர்கள். அவர்களோடு சேர்த்து இவனுக்கும் எஃப்.ஐ.ஆரில் வயது 19 என்று எழுதியிருந்தார்கள். "வயசு கேட்டாங்களா அண்ணா?" என்றேன். "கேட்டாங்க. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலீங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மலையில் வீட்டிலேயே பிரசவம் நடந்த பல குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழ் இருப்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளியில் எழுதும் தேதிதான் பிறந்தநாள். அந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டேன். சம்பவம் நடந்த அன்று அவனுக்கு 17 வயது 4 மாதம். சட்டம் பார்ப்பதும் அந்த நாளைத்தான், பிடிபட்ட நாளையோ வழக்கு முடியும் நாளையோ அல்ல. 18 முடியாதவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறுவர்கள்மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

தலைமையாசிரியர் கோர்ட் என்றதும் தயங்கினார். அதில் ஒன்றரை நாள் போனது. சான்றிதழும் பதிவேட்டு நகலும் கைக்கு வந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போனோம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைத்தார். குழந்தை, பழங்குடி, காவலில் இருப்பவர் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், வருமானச் சான்று தேவையில்லை. யாருக்காவது அவசரமென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒருநாள் மனு போட்டு அவனைப் பார்த்தோம். அது ஒரு கிளைச் சிறை. அழுவான் என்று நினைத்துப் போனேன், அழவில்லை. "உள்ள ஒரு அண்ணன் நல்லாப் பாத்துக்கிறாரு டீச்சர். அவரு போர்வையக் குடுத்தாரு. வெளிய வந்ததும் வந்து பாரு, வேலை தர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றான். நன்றியோடு சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. குளிரில் போர்வை கொடுப்பவரைப் பதினேழு வயதுப் பிள்ளை ஏன் நம்பமாட்டான்? சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையில் அடைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

ரிமாண்ட் செய்த நீதிமன்றத்திலேயே, இவன் சிறுவன் என்று சொல்லி, அதே சட்டத்தின் 9ஆவது பிரிவின்கீழ் மனு போட்டோம். எலும்புப் பரிசோதனை செய்துதான் வயதை முடிவு செய்யவேண்டும் என்று போலீஸ் தரப்பில் கேட்டார்கள். வக்கீல் 94ஆவது பிரிவைக் காட்டினார். முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையிலும் இரண்டு வயது கூடவோ குறையவோ வரலாம். தயங்கிய அதே தலைமையாசிரியர் அசல் சேர்க்கைப் பதிவேட்டைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீதிபதி அந்த வரியைப் படித்துவிட்டு, இவன் சிறுவன் என்று பதிவு செய்து குழுமத்துக்கு அனுப்பினார். அதற்குள் சிறையில் 11 நாள் போயிருந்தது.

விசாரணையில் உள்ள சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இரண்டு இரவு. அப்புறம் அப்பாவின் உறுதிமொழியில் ஜாமீன். குழுமம் என்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்தது. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். கூண்டு இல்லை, உயரமான மேடை இல்லை. குழுமத்தில் இருந்த அம்மா அவனிடம் முதலில் கேட்டது, "சாப்டியாப்பா?" என்றுதான். அதற்குப் பிறகுதான் அவன் அழுதான்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பையன் படிப்பை விட்டதை மறைக்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் அவனுக்கு என்ன தேவையென்று அந்த அறிக்கையில் வரும். எங்களுக்கு அது பலித்தது, தொழிற்பயிற்சிக்குப் பரிந்துரை வந்தது. விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்கவேண்டும், மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பல வாய்தாக்களுக்குப் பிறகு ஐந்தாம் மாதத்தில் அறிவுரை சொல்லி வழக்கை முடித்தார்கள். 24ஆவது பிரிவின்படி இது அவன் வேலைக்கோ படிப்புக்கோ குறுக்கே நிற்காது.

இந்திய மாகாணங்களிலேயே முதலில் குழந்தைகள் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம், 1920இல். நூறு வருடம் கழித்தும் ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டு உறுதிசெய்ய ஆள் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கேட்டது மூன்றுதான். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலரின் பெயரும் எண்ணும் வாசலில் இருக்கவேண்டும். இளவயதுக்காரர் யாரை ரிமாண்டுக்குக் கொண்டுபோனாலும் எந்த ஆவணத்தைப் பார்த்து வயதை எழுதினார்கள் என்று குறிப்பிட வேண்டும். பெரியவர்களின் சிறைகளில் சிறுவர்கள் இருக்கிறார்களா என்று குழுமம் தவறாமல் போய்ப் பார்க்கவேண்டும். அது சட்டமே அதற்குக் கொடுத்த கடமை.

முதலாவது எங்கள் பக்கத்தில் ஒரு நிலையத்தில் நடந்திருக்கிறது, வாசலில் போர்டு வைத்துவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தையும் இணைத்து அடுத்த திங்கட்கிழமை மறுபடி மனு கொடுக்கப் போகிறேன். பையனின் அப்பாவும் உடன் வருகிறார்.