ஹஸ்லரின் வெளிறிய கறுப்புப் பிளாஸ்ரிக்: கல்லடியில் செய்து பார்த்தது

எங்கள் வீடு மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். கார் நிற்கிற இடத்துக்குக் கூரை கிடையாது. ஒரு பக்கம் வேம்பு நிழல் தரும், மற்றப் பக்கத்துக்குப் பின்னேர வெயில் முழுதாக விழும். சுசுகி ஹஸ்லரில் சக்கர வளைவும் பம்பரின் கீழ்ப்பகுதியும் பெயின்ற் அடிக்காத கறுப்புப் பிளாஸ்ரிக். வெயில் பக்கம் அது சாம்பல் பூத்துப்போய்விட்டது. இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. இப்போது வரியோடு விலையைக் கேட்டால் இருக்கிற காரைத் தேய்த்து வைத்திருப்பதே மேல்.

வளைவின் உள்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிபி என்று அச்சு இருந்தது, அதாவது பொலிபுரொப்பிலீன். கறுப்பு நிறம் அதற்குள்ளேயே கலந்த கரித்தூளால் வருவது. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பை அரித்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்க, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கீழே கறுப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே கறுப்புப் பெயின்ற் வாங்குகிற யோசனையை விட்டேன். பொலிபுரொப்பிலீனில் பெயின்ற் லேசில் ஒட்டாது. அதற்கென்று தனி அடிப்பூச்சு அடிக்காவிட்டால் உரிந்துவிடும்.

தெரிந்த கராஜ்காரர் சொன்னது வேறு: "இதுக்கென்ன மனே, டீசலும் பழைய ஒயிலும் கலந்து பூசினாச் சரி." பூசினால் அன்றைக்குக் கறுக்கும்தான். கச்சான் காற்றில் பறக்கிற மணல் எல்லாம் மறுநாள் அதில் ஒட்டியிருக்கும். அதைச் செய்யவில்லை.

கழுவுகிற வேலைதான் அதிக நேரம் எடுத்தது. பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்துலக்கி, நிறையத் தண்ணீர். பிளாஸ்ரிக்கின் சொரசொரப்புக்குள் முந்தின பொலிஷ் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. மண்தாள் போட்டால் ஒரே தேய்ப்பில் போயிருக்கும், ஆனால் சொரசொரப்பும் சேர்ந்து போய் அந்த இடம் மட்டும் வழவழவென்று தனியாகத் தெரியும். காய்ந்த பிறகு பார்மசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். துணியில் சாம்பல் அழுக்கு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் தகடுபோலப் பரவ வேண்டும். முத்தாக நின்றால் பழைய எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், மறுகா துடை.

மிக மோசமாக வெளிறியிருந்த பின்சக்கர வளைவை மாஸ்கிங் டேப்பால் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொன்று செய்து பார்த்தேன்.

ரயர் பொலிஷ்: பூசியதும் கண்ணைப் பறிக்கிற மினுக்கம். சிலிக்கோன் எண்ணெய்தான் அது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு பழைய சாம்பல் திரும்பிவிட்டது.

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி): பார்க்கவே மந்திரம் மாதிரி. காற்றுப் போகிற வழியெல்லாம் சாம்பல் மறைந்து கறுப்பு எழும்பி வருகிறது. மேற்பரப்பு லேசாக உருகி அந்த நுண்வெடிப்புகள் மூடுவதுதான் காரணம். கையை ஓர் இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்ரிக் பளபளத்து, நெளிந்தும் போகும். பக்கத்திலுள்ள பெயின்ற் ஓரத்தில் சூடு படக்கூடாது. கண்ணாடிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், வெடித்துவிடும். என் குறை ஒன்றுதான்: புதிதாக எதையும் இது சேர்ப்பதில்லை. வெயில் திரும்ப அரிக்கத் தொடங்கும், ஒவ்வொரு முறையும் பலன் குறையும்.

பிளாஸ்ரிக்குக்கென்றே வருகிற செரமிக் கோட்டிங் (பூசினால் இறுகி மெல்லிய பாதுகாப்புப் படலமாகும் திரவம்): சிறிய போத்தல், கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பித்தேன். விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் ஒரு பக்கத்துக்குச் சில சொட்டுகளே போதும். விடியக்காலையில், பிளாஸ்ரிக் குளிர்ந்திருக்கும்போது, நிழலில் பூச வேண்டும். பஞ்சில் எடுத்து மெல்லிதாகத் தடவி, மிச்சத்தை உடனே மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட வேண்டும். விட்டால் திட்டுத் திட்டாக இறுகும், பிறகு எடுப்பது பெரும்பாடு. அன்றிரவு பனி படாமல் காரைச் சித்தப்பாவின் கொட்டிலுக்குள் விட்டேன். ரயர் பொலிஷ் துண்டைக் கழுவிக்கொண்டுபோன அதே மழைக்கு இது அசையவில்லை. மினுக்கம் இல்லாத, புதுக் காரில் இருப்பதுபோன்ற கறுப்பு. எனக்கு இந்த நிறம்தான் பிடித்தது.

மீதி வளைவுகளுக்கு ஹீட் கன் தொடவில்லை, கழுவிச் செரமிக் மட்டும். பம்பரில் ஆழமாக வெளிறிய ஒரு மூலைக்கு மட்டும் முதலில் லேசாகச் சூடு காட்டி, ஆறவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து மேலே பூசினேன். இப்போது எந்த மூலை என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

இன்னும் மிச்சம் வைப்பருக்குக் கீழுள்ள தட்டு. காரிலேயே அதிக வெயில் வாங்குவது அதுதான், கண்ணாடியை ஒட்டியும் இருக்கிறது. கழற்றித்தான் செய்ய வேண்டும். அதைப் பிடித்திருக்கிற கிளிப்புகள் வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிட்டன, கழற்றினால் பாதி உடையும். கடையில் புதுக் கிளிப் சொல்லி வைத்திருக்கிறேன்; அது வரட்டும், மாரிக்கு முன்னம் கழற்றிவிடலாம்.