கரும்பு, உறுமி, கம்பெனி பஸ்: தை மாதக் குறிப்புகள்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

தைப்பூசம் இந்த வருடம் பிப்ரவரி 11. இங்கே பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறேன். ஒரு மண்டலம், 48 நாள் என்று கணக்குப் பார்த்தால் போன மாதமே தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் ஷிஃப்ட் வேலைக்காரிக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது, நாளையிலிருந்து சைவம், அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். "வாய் மட்டும் விரதம் இருந்தா ஆச்சா? காது, கண்ணெல்லாம் யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்றார். சரி, அதையும் கவனித்து எழுதித்தான் பார்ப்போமே. நான் கோயிலில் இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம் தேறினால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் பஸ், கேன்டீன், லிஃப்ட், கைப்பேசி. என் பக்தியை வளர்ப்பதும் கெடுப்பதும் அந்த மிச்ச நேரம்தானோ என்று ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்.

ஜனவரி 9, வியாழன்

விடியுமுன் ஆயர் ஈத்தாமில் கம்பெனி பஸ் ஏறினால் பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும் வரை தமிழ் வானொலிதான். ஓட்டுநர் அண்ணன் முருகன் பாட்டாகத் தேடி வைப்பார். எனக்கு முழுசாகத் தெரிந்த பக்திப் பாட்டு அத்தனையும் இந்த பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் காதில் விழுந்து தங்கியவை; சின்ன வயதில் தேவார வகுப்புக்கு அனுப்பினார்கள், முதல் இரண்டு வரிக்கு மேல் ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்காரும் மலாய்க்கார அக்காவுக்கு, காக் என்றுதான் கூப்பிடுவேன், தமிழ் தெரியாது. ஆனாலும் வேலை மும்முரத்தில் அதே மெட்டை முணுமுணுப்பார், நான் சிரித்தால் நிறுத்திவிடுவார்.

நேற்று அண்ணனுக்கு லீவு. மாற்று ஓட்டுநர் ஏதோ கூச்சலும் கிண்டலுமான பேச்சு நிகழ்ச்சியை வைத்தார். பத்து மணி வரை யார் பேசினாலும் எனக்கு எரிச்சல்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லீவு போட்டேன். அடுக்குமாடியில் முற்றம் ஏது, கேஸ் அடுப்பில்தான் பானை பொங்கியது. சமையலறை சன்னலில் கரும்பைச் சாய்த்து வைத்துவிட்டு அம்மா எஸ்டேட் கதைக்குப் போய்விட்டார். தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய காலம். இருட்டோடு வேலைக்காட்டுக்குப் போகும்போது ஓரத்தில் ஒரு மரத்தடிக் கல், அதுதான் முனியாண்டி, ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுப் போவார்களாம். சாமி கும்பிட என்று தனியாகக் கிளம்பியதே இல்லை, வேலைக்குப் போகிற வழியிலேயே சாமி உட்கார்ந்திருந்தது என்கிறார். பிறகு தோட்டம் கைமாறி, ஆட்கள் கலைந்து, அம்மாவும் தீவுக்கு வந்தாச்சு.

எங்கள் கம்பெனி வாசலில் சிவப்பு வண்ணத்தில் ஒரு சின்னக் கூண்டு, டத்தோ கோங். அந்த நிலத்தின் காவல்காரர், மலாய்க்காரத் தாத்தா என்று சீனர்கள் நம்புகிறார்கள், அதனால் அவருக்குப் பன்றி இறைச்சி படைப்பதில்லை. அதைத் தாண்டும்போது என் கை தானாக நெஞ்சுக்குப் போகும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவின் முனியாண்டிப் பழக்கம் ரத்தத்தில் வந்திருக்கும் போல.

ஜனவரி 24, வெள்ளி

விரதம் இருப்பவளுக்கு இந்தத் தீவில் மூக்குதான் பெரிய எதிரி. ஓவர்டைம் முடிந்து, பசியோடு, சோறும் கறியும் மணக்கிற நாசி கண்டார் கடை வாசலைத் தாண்டிப் போவது லேசுப்பட்ட காரியமா? இன்றைக்கு ரொட்டி சானாய் மட்டும் வாங்கலாம் என்று உள்ளே போனேன். தப்பாவ், அதான் பார்சல், கட்டக் கையெடுத்த கடைக்கார பாய் என் கழுத்து மாலையைப் பார்த்தார். "அக்கா, பூசத்துக்கு விரதமா? எங்க பருப்புக் குழம்புல ஆட்டெலும்பு போட்டிருக்கு, வேணாம்" என்று சீனி மட்டும் தனியாக மடித்துக் கொடுத்தார். அவர் வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் எனக்கு எங்கே தெரியப் போகிறது.

மற்ற நாளில் மதியம் சீனர் சைவக் கடை. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே உட்கார இடம் கிடைக்காது, அவர்களும் சைவம். கடை ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் "ஆ மோய், பூசம் வரைக்குமா?" என்று கேட்டு டோஃபு கூடுதலாக வைக்கிறார். நான் மன உறுதியோடு இருக்கிறேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மன உறுதியெல்லாம் இல்லை, என் விரதத்தைக் காப்பாற்றுகிறவர்கள் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

பிப்ரவரி 5, புதன்

சீனப் புத்தாண்டின் எட்டாம் ராத்திரி. சீனர்களில் ஹொக்கியன்காரர்களுக்குப் புத்தாண்டைவிட இதுதான் பெரிசு, தீ கோங் கும்பிடுகிறார்கள், வானத்துச் சக்கரவர்த்தி. அந்தக் காலத்தில் கொல்ல வந்தவர்களிடம் தப்பிக் கரும்புக் காட்டில் ஒளிந்து பிழைத்தார்களாம், அதனால் மேசைக்கு இரண்டு பக்கமும் முழுக் கரும்பு கட்டுவார்கள். எதிர்வீட்டு வாசலில் கரும்பைப் பார்த்த அம்மா, "நம்ம பொங்கலுக்கு வாங்கின அதே சந்தைக் கரும்புதான்" என்றார் பெருமையாக.

நள்ளிரவு தாண்டியும் பட்டாசு. படுத்துக்கொண்டே வேலும் மயிலும் சொல்லிப் பார்த்தேன், ம்ஹூம்.

பிப்ரவரி 8, சனி

என் மகன் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடித்த கையோடு உறுமிக் குழுவில் முழுநேரம் சேர்ந்துவிட்டான். உறுமி மேளத்தைப் பற்றிப் பெரியவர்கள் புலம்புவதில் பாதி நியாயம்தான். சினிமா மெட்டு, காவடி எடுப்பவரையே மிஞ்சுகிற ஆட்டம், போதாக்குறைக்கு ஆளுக்கொரு கைப்பேசி, அடி விழுகிறதோ இல்லையோ வீடியோ எடுத்தாக வேண்டும். ஆனால் மறுபாதியையும் சொல்லணுமே. கோயிலில் பத்து நிமிடம் நிற்க மாட்டான் இவன். குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் சொன்னார் என்று ஒரு மாதமாகக் கோழி இல்லை, பாயில் படுக்கிறான், உறுமித் தோலைத் தொடும்முன் கால் கழுவுகிறான். நானும் அவன் அப்பாவும் பிறந்ததிலிருந்து சொல்லி நடக்காதது. அம்மா அப்பா சொல்வதைவிடக் கூடச் சுற்றுகிறவன் செய்வதுதான் பிள்ளைக்குள் போகிறது, நல்லதும் அப்படித்தான், அந்த வீடியோ பைத்தியமும் அப்படித்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

ரதம் பார்க்க ஜார்ஜ்டவுன் போனோம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்கரதத்தில் வேல் முன்னே வர, நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளிரதம். தங்கரதம் 2017-இல்தான் வந்தது. எனக்கு இன்னும் வெள்ளிரதத்தைப் பார்த்தால்தான் கண் கலங்கும், சின்ன வயதில் அப்பா தோளில் இருந்து பார்த்தது அது.

வழியெல்லாம் தேங்காய் மலை. பாதிக்கு மேல் சீனக் குடும்பங்கள் உடைக்கிறார்கள், பின்னாலேயே இயந்திரம் வந்து அள்ளுகிறது. தேங்காய் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பலமுறை கேட்டிருக்கிறது. எனக்கும் ஒன்று போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நம் சைவக் கடை ஆன்ட்டி குடும்பத்தோடு நின்று குவியல் குவியலாக உடைத்துக்கொண்டிருக்கும்போது போய் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 11, செவ்வாய்

ஏறியாச்சு. 513 படி, வெறுங்கால், தலையில் குடம். பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி மோதிக்கொள்ள, வாய் வேல் வேல் என்று சொல்ல, உள்ளே என்ன ஓடியது தெரியுமா? பஸ் வானொலியில் பாட்டுக்கு இடையில் வருமே, அந்தத் துணி துவைக்கும் சோப்பு விளம்பரம். பாதி மலை வரைக்கும் விடவில்லை. ஒரு திருப்பத்தில் எங்கள் பையன்களின் உறுமி கேட்டது, அதில் ஒரு அடி தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போனேன். பால் அபிஷேகத்தின்போது எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "தினம் தினம் காதுல வாங்கிப் போட்டது, மலைக்கு மட்டும் வராம இருக்குமா?"

மார்ச் 3, திங்கள்

நேற்று ரமலான் நோன்பு தொடங்கியது. விடியுமுன் சாப்பிடும் சஹூருக்கு எழுந்த காக் பஸ்ஸில் தூங்கிவழிகிறார். கேன்டீனில் பாதிக் கடை மூடல், எனக்கும் சாப்பாடு சுருங்கிவிட்டது, அவர் எதிரில் உட்கார்ந்து என்னத்தை மெல்ல?

என் விரதம் முடிந்து மூன்று வாரம் ஆகப் போகிறது, இன்னும் கைப்பேசிக்குத்தான் விஷயம் தெரியவில்லை. திறந்தால் காவடி, அலகு, சாமி வந்து ஆடுவது, அதற்கு மேல் இன்னும் பயங்கரமாக ஒன்று. மகனின் வீடியோவை நாலு தடவை பார்த்ததற்கு இந்தத் தண்டனை. முருகனைத்தானே காட்டுகிறது, இருக்கட்டும் என்கிறார் என் கணவர். எனக்கு ஒப்பவில்லை. பார்க்கப் பார்க்க அடுத்தது வேண்டும் என்கிறதே தவிர ஒரு நிமிடம் கண்ணை மூடச் சொல்லவில்லை. இன்று மதியம் கைப்பேசியிலிருந்து அந்த வீடியோ ஆப்பையே எடுத்துவிட்டேன். பஸ் அண்ணன் போதும். அவர் வைக்கிற பாட்டு பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடவும் முடியாது, முழுசாகக் கேட்டுத்தான் ஆகணும்.