பெருங்கதையாடல்களுக்குப் பின்னரும் மதிப்பு உண்டு

வரலாறு முழுவதையும் ஒரே கதையாக விளக்க முனையும் பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கையே பின்நவீன நிலை என்று 1979இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் சுருக்கமாக வரையறுத்தார். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான மலையக மக்களின் வழிவந்த எனக்கு, தேசம் போன்ற பெருஞ்சொற்கள் மீதான அந்த ஐயம் இன்றும் தேவைப்படுகிறது. ஆனால், எல்லா மதிப்புகளும் அதிகாரத்தின் கட்டமைப்புகளே என்று அத்தோடு நின்றுவிட்டால், அந்தச் சட்டத்தை அநீதி என்று சொல்வதற்கான ஆதாரத்தையும் சேர்த்தே இழந்துவிடுகிறோம். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கூடி, எம்மவரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது தவறு என்பது இன்னொரு கதையாடல் மட்டும்தானா? நிச்சயமாக இல்லை. மனிதரிடையே உருவானது என்பதாலேயே ஒரு மதிப்பு பொய்யாகிவிடாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு விழுந்தால் எல்லோரும் கூடுவது வரலாற்றில் உருவான வழக்கம்தான். ஆயினும் அது அங்கு வாழ்வோரைப் பிணைக்கிறது, வராதவரிடம் காரணம் கேட்கும் உரிமையையும் மற்றவர்களுக்குத் தருகிறது.