குளத்துச் சேற்றில் ஒரு பாலாமை

ஆமை என்றதும் கல்போன்ற ஓடுதான் நம் நினைவுக்கு வரும். பாலாமைக்கு அந்தக் கெட்டியான செதில்கள் கிடையாது. எலும்புச் சட்டத்தின்மேல் வழவழப்பான தோல் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான்.

குளம், வாய்க்கால், ஏரி, நெல்வயல் என்று இந்தியத் துணைக்கண்டத்தின் தேங்கிய நீரிலெல்லாம் வாழ்கிறது. பகலில் பெரும்பாலும் சேற்றுக்குள் புதைந்துகிடக்கும். குழல்போல நீண்ட மூக்கின் நுனி மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து, மூச்செடுத்து, சத்தமின்றி மறையும். பொறுமையாகப் பார்த்தால்தான் தென்படும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அடிப்பகுதியில் பின்புறம் இருக்கும் இரண்டு தோல்மடல்கள். ஆபத்து என்றால் பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். மடல்கள் கதவுபோல மூடிக்கொள்ளும். மெல்லோட்டு ஆமைகளில் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை. ஒவ்வொரு காலிலும் மூன்று நகங்கள். நத்தை, மீன், தவளை, நீர்ச்செடி என்று எதையும் தின்னும். செத்த உயிரினங்களையும் தின்று நீரைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

கோடையில் குளம் வற்றினால் மண்ணுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். அந்தச் சமயத்தில் மண்ணை வாரும் இயந்திரங்கள் இறங்குவதுதான் என் பெருங்கவலை.

இறைச்சிக்காகப் பிடிப்பதும் தொடர்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். கண்டெடுத்தால் தயவுசெய்து கிணற்றில் விடாதீர்கள். முட்டையிட அதற்குக் கரை வேண்டும். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.