ஓகே மட்டும் சொல்லத் தெரியாத செயலி

3 மார்ச் 2025, திங்கள்
ஜாவாவில் வலைச் செயலி எழுத உதவும் ஸ்பிரிங் கட்டமைப்பின் 4-ஆம் பதிப்பில் எழுதிய பழைய செயலி. பல அமைப்புகளைத் தானே செய்துதரும் ஸ்பிரிங் பூட் கிடையாது, டாம்கேட் என்ற சர்வரில் ஓடுகிறது. வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் லோடு பேலன்சர் அவ்வப்போது ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். ‘ஓகே’ என்று பதில் வந்தால் சர்வர் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓகேயைச் சொல்ல யாரோ ஒரு ஜேஎஸ்பி (ஜாவா கலந்த வலைப்பக்கக் கோப்பு) எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள இம்போர்ட் வரிகள் ஒவ்வொன்றும் ஒரு வெற்று வரியை விட்டுவிட்டுப் போகின்றன. பிரவுசரில் தெரியாது. லோடு பேலன்சரோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அந்த இடைவெளிகளைத் தின்ன ஜேஎஸ்பி 2.1-லேயே வசதி வந்துவிட்டது. இருந்தாலும் ரெண்டு எழுத்துக்கு ஜேஎஸ்பி எதற்கு? தூக்கிவிட்டு, கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் ஜாவா வகுப்பான கன்ட்ரோலரில் எழுதும்படி கூட வேலை செய்யும் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

4 மார்ச், செவ்வாய்
“அண்ணா, ஓகேன்னு ஸ்ட்ரிங்தான் ரிட்டர்ன் பண்றேன், 404 வருது.” பக்கம் கிடைக்கவில்லை என்ற பிழை அது. சாதாரண கன்ட்ரோலரில் திருப்பும் ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) ஸ்பிரிங் பதிலாகப் பார்ப்பதில்லை, பக்கத்தின் பெயராகத்தான் பார்க்கும். ஓகே.ஜேஎஸ்பி எங்கே என்று தேடும். மெத்தடுக்கு மேல், திருப்புவதே பதில் என்று சொல்லும் ரெஸ்பான்ஸ்பாடி குறிப்பைப் போட்டதும் சரியானது.

6 மார்ச், வியாழன்
அதே வழியில் கிளைகளுக்கான தினசரி வரவு அறிக்கையையும் வெறும் உரையாக அனுப்பினோம். எண்கள் சரி, தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. இந்தப் பதிப்பில் ஸ்ட்ரிங்கை பைட்டாக்கும் கன்வர்ட்டருக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்ற, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டு முறைதான். அதில் தமிழுக்கு இடமே இல்லை, எனவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு ‘?’. இது பிரவுசரில் என்கோடிங்கை மாற்றிச் சரிசெய்கிற சமாச்சாரமும் இல்லை. சர்வரை விட்டுக் கிளம்பும்போதே எழுத்து போய்விட்டது. முகவரியை மெத்தடோடு இணைக்கும் மேப்பிங்கில் புரொட்யூசஸ் மதிப்பாக டெக்ஸ்ட்/பிளெயின், கூடவே கேரக்டர்செட்டாக எல்லா மொழிக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 என்று எழுதினோம், தீர்ந்தது. ஸ்பிரிங் பூட்டில் இது முன்னிருப்பாகவே யூடிஎஃப்-8 என்பதால் அதில் மட்டும் வேலை செய்தவர்கள் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். சோதனைத் தரவு எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் எந்தச் சோதனையிலும் இது சிக்காது.

7 மார்ச், வெள்ளி
ஒரு பழைய சர்வ்லெட்டும் (ஸ்பிரிங் இல்லாமல் நேரடியாகப் பதில் எழுதும் ஜாவா வகுப்பு) இதே அறிக்கையைத் தருகிறது. அங்கே யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறது, ஆனால் பதில் எழுதும் கருவியைத் தரும் கெட்ரைட்டரை அழைத்த பிறகு. அதற்கப்புறம் என்ன சொன்னாலும் கன்டெய்னர் (இங்கே டாம்கேட்) காதில் விழாது. பிழைச் செய்தி கூட வராது. வரிசையை மாற்றினால் தமிழ் வந்தது, பாதியில் அறுந்து. காரணம், பதில் எத்தனை பைட் என்று சொல்லும் கன்டென்ட்-லெங்த்தில் ஸ்ட்ரிங்கின் நீளத்தை வைத்திருக்கிறார்கள். ‘தமிழ்’ என்பது நமக்கு 3 எழுத்து, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் ஜாவாவுக்கு 5, யூடிஎஃப்-8-இல் 15 பைட். 5 என்று சொன்னால் ‘த’ முழுசாகப் போகும், ‘ம’ உடைந்து போகும். நீளம் சொல்லும் வரியையே நீக்கிவிட்டேன், கன்டெய்னர் பார்த்துக்கொள்ளும்.

சாயங்காலம் ஒரு கிளையிலிருந்து போன்: நோட்பேடில் திறந்தால் அறிக்கை மொத்தமும் ஒரே வரியாம். அங்கே இன்னும் விண்டோஸ் 7. வெறும் லைன்ஃபீடை (புது வரிக் குறியை) வரி முடிவாக நோட்பேட் ஏற்க ஆரம்பித்ததே 2018-இல், விண்டோஸ் 10-இல்தான். திங்கட்கிழமை ஒவ்வொரு வரி முடிவிலும் பழைய நோட்பேட் எதிர்பார்க்கும் கேரேஜ் ரிட்டர்ன் குறியையும் சேர்க்க வேண்டும்.