அவசரகால உதவிக் குழுவில் சேர்ந்த கதை

எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையம் நடத்தும் அவசரகால உதவிக் குழுவில் பயிற்சி முடித்து, அடையாள அட்டையும் வாங்கிவிட்டேன். எப்படிச் சேர்வது, என்ன கேட்பார்கள், கஷ்டமா என்று தெரிந்தவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

விண்ணப்பம் பெரிய வேலையில்லை. பெயர், முகவரி, அடையாளச் சான்று, நம்மைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேர், அவ்வளவுதான். வண்டி ஓட்டத் தெரியுமா, மின் வேலை தெரியுமா, எந்தெந்த மொழி பேசுவீர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அதை ஒப்புக்கு நிரப்பாதீர்கள், பிற்பாடு வேலை பிரிக்கும்போது அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். உங்களால் எது முடியாது என்பதையும் எழுதச் சொல்வார்கள். மூட்டுவலியால் படி ஏற முடியாது என்று எழுதிய பெரியவர் ஒருவரைப் பதிவேட்டுக்கும் வாக்கி டாக்கிக்கும் பொறுப்பாக்கினார்கள். யார் எப்போது உள்ளே போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று எழுதிவைப்பவர் அவர். ஒத்திகையின்போது அவரைக் கேட்காமல் யாரும் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

அப்புறம் காவல்துறைச் சரிபார்ப்பு. இங்கேதான் பொறுமை போய்விடும். பதிலே வராது, நாமாகப் போய்க் கேட்டால் 'வரும்' என்பார்கள். என்னோடு பெயர் கொடுத்த சிலர் இந்தக் கட்டத்திலேயே ஆர்வம் குறைந்து விலகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்குள் நுழையப் போகிற ஆளை விசாரிக்காமல் அனுப்பினால் அந்த வீட்டார் நம்புவார்களா? தாமதம் எரிச்சலூட்டினாலும் சரிபார்ப்பு வேண்டியதுதான்.

முதல் வகுப்பில் தூக்குவது, இழுப்பது, அணைப்பது எதுவுமே இல்லை. பயிற்சியாளர் 1985ஆம் ஆண்டின் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். எந்தப் பயிற்சியும் இல்லாத பொதுமக்கள் தாங்களாகவே சேர்ந்து இடிபாடுகளிலிருந்து 800க்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். அந்த முயற்சியில் அவர்களில் 100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்கான பயிற்சியைத் தொடங்கியது. 1993இல் அமெரிக்க அரசு அதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. ஆபத்து வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படியும் ஓடி வரத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க முடியாது, ஓடி வருகிறவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

அதனால் பயிற்சியில் பாதிக்கு மேல் 'எங்கே நிற்க வேண்டும்' என்பதாகவே இருந்தது. தனியாக எங்கும் போகக்கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான். கட்டடம் மோசமாகச் சேதமாகியிருந்தால், உள்ளே இருந்து குரல் கேட்டாலும் நுழையக்கூடாது. தகவல் சொல்லிவிட்டு, வேறு யாரும் நுழையாமல் வழியை மறித்து நிற்க வேண்டும். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது, அணைப்பதற்காகக்கூட. வெளியே வந்த பிறகுதான் போன். தீயணைப்புக் கருவியில் பின்னை இழுத்து, கொழுந்தைக் குறிவைக்காமல் தீயின் அடியைக் குறிவைத்து, லீவரை அழுத்தி, பக்கவாட்டில் வீச வேண்டும். இவ்வளவு பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வெளியேறும் வழி நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அடிக்க ஆரம்பித்து 5 விநாடியில் தீ அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பது எனக்குப் புதிது. கையில் பிடிக்கிற சிறிய கருவி சில விநாடிகளிலேயே காலியாகிவிடும்.

சிபிஆர், அதாவது இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி. அந்தப் பயிற்சிக்கு உடம்பில் தெம்பு வேண்டும். பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு. மூச்சு கொடுக்கப் பயிற்சி இல்லாதவர்கள் விடாமல் அழுத்தினாலே போதும். பொம்மை மீது செய்யும்போதே கை துவண்டுவிட்டது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது காயமடைந்தவர்களைத் தரம்பிரிக்கும் பயிற்சி. கலிஃபோர்னியாவில் 1980களில் உருவான ஸ்டார்ட் என்ற முறை அது. முதலில் சத்தமாக, "நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று கூப்பிட வேண்டும். எழுந்து வருகிறவர்களுக்குப் பச்சை அட்டை. மீதி இருப்பவர்களிடம் ஒவ்வொருவராகப் போக வேண்டும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுச் சாய்த்து மூச்சுவழியைத் திறந்துவிட வேண்டும். மூச்சு வந்தால் சிவப்பு, அதாவது உடனே சிகிச்சை வேண்டும்; வராவிட்டால் கறுப்பு, அதாவது பிழைக்க வாய்ப்பில்லை. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் சிவப்பு. நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்பவில்லை என்றாலும் சிவப்பு. "என் கையை அழுத்துங்கள்" என்று சொல்லி, அதைச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. இதில் எதிலும் சிக்காதவர்களுக்கு மஞ்சள், சற்றுக் காத்திருக்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்குள் இரத்தம் பீறிட்டால் மட்டும் கட்டுப்படுத்தலாம்.

கறுப்பு அட்டை கட்டியவருக்கு அங்கே சிபிஆர் கிடையாது. நேற்றுவரை பொம்மைக்கு விழுந்து விழுந்து செய்த அதே சிபிஆர். எங்கள் குழுவில் ஒரு பெண், "அப்படியே விட்டுட்டுப் போறதா சார்?" என்று கேட்டுவிட்டார். பயிற்சியாளர், "நீங்க ரெண்டு பேரு. படுத்திருக்கிறவங்க இருபது பேரு. முதல் ஆள்கிட்டயே உக்காந்துட்டா மத்தவங்கள யாரும்மா பாப்பாங்க?" என்றார். கணக்கு சரிதான். ஆனாலும் ஒத்திகையில் நடிப்புக்காகப் படுத்திருந்த ஒருவரின் மணிக்கட்டில் கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு நகர்ந்தபோது எனக்குக் கை நடுங்கியது. குழுவில் சேர நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசித்துவிட்டு வருவது நல்லது.

அந்த ஒத்திகையில் இன்னொன்றும் கவனித்தேன். பலமாகக் கத்துகிறவரைச் சுற்றித்தான் எல்லாரும் கூடுகிறார்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்பது நிச்சயம். சத்தமே இல்லாமல் ஓரமாகக் கிடக்கிறவரிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

அடையாள அட்டை கைக்கு வந்த பிறகு செய்கிற வேலையில் பரபரப்பு எதுவும் இல்லை. தெருத்தெருவாகப் போய் யார் வீட்டில் படுக்கையாக இருப்பவர் உண்டு, யாருக்கு ஆக்சிஜன் கருவி ஓடுகிறது, மெயின் சுவிட்ச் எங்கே என்று பட்டியல் எடுக்கிறோம். போன் வேலை செய்யாமல் போனால் யார் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று முன்பே பிரித்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் வதந்தி வந்தால் கட்டுப்பாட்டு அறையில் கேட்டு உறுதி செய்துகொண்டு, எந்த நேரத்து நிலவரம் என்பதையும் சேர்த்துத் திருத்தம் போடுகிறோம். சேதி சரியாகவே இருந்தாலும் நேரம் இல்லாவிட்டால், மறுநாளும் அதையே பரப்பிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியல் வேலைதான் குழுவின் உயிர்நாடி. ஆனால் இதற்கு ஆள் கிடைப்பது குறைவு, ஹெல்மெட் மாட்டும் வேலைக்குத்தான் கூட்டம்.

கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணியில் அடிபட்டால் காப்பீடு உண்டா, யார் கூப்பிட்டால் புறப்பட வேண்டும், கூப்பிடாமல் நாமாகப் போனால் அந்தக் காப்பீடு செல்லுமா, சிபிஆர் சான்றிதழை எப்போது புதுப்பிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களைப் படம் எடுப்பது பற்றி என்ன விதி என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால் நல்லது. தீயணைப்பு வகுப்புக்கு மட்டும் பழைய உடுப்பில், மூடிய காலணியோடு போங்கள். கருவியிலிருந்து வரும் பொடி துணியில் ஒட்டினால் லேசில் போகாது.