ஏடி 291: 1941 டிசம்பரில் இருந்தபடி ஒரு ஸ்பிட்ஃபயர்

1/48 அளவில் ஒரு பிளாஸ்டிக் மாடல்: இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் Vb. எடுத்துக்கொண்டது வரிசை எண் ஏடி 291, பக்கவாட்டு அடையாள எழுத்துகள் VZ-H. கனடிய விமானப்படையின் 412-ஆம் ஸ்குவாட்ரன். 1941 டிசம்பர் 11 அன்று லிங்கன்ஷயரில், வெல்லிங்கோர் தளத்திலிருந்து பயிற்சிக்குப் போன இந்த விமானம் மேகத்தின் இடைவெளி வழியே இறங்கும்போது, சுமார் 1,400 அடி உயரத்தில், கிரான்வெல் தளத்தின் ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானத்தோடு மோதியது. ஸ்பிட்ஃபயரில் ஜான் கில்லஸ்பி மகீ, ஆக்ஸ்ஃபோர்டில் எர்னஸ்ட் கிரிஃபின். இருவருக்கும் வயது 19. இருவரும் இறந்தார்கள்.

பெட்டியோடு வரும் டெக்கால்களை (ஒட்டும் சின்னங்களை) நம்பி இதைச் செய்ய முடியாது. பெரும்பாலான Vb கிட்களில் இருப்பது 1942 கோடைக்குப் பிந்தைய வட்டச் சின்னம்: வெள்ளை வளையம் மெலிதாக இருக்கும். 1941 டிசம்பரில் உடற்பகுதியில் இருந்தது A1 வகை. நடுவிலிருந்து சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என நான்கு நிறங்களின் விட்டம் 5, 15, 25, 35 அங்குலம், 1/48-இல் 2.6, 7.9, 13.2, 18.5 மி.மீ. வால் செங்குத்தில் மூன்று பட்டைகளும் சம அகலம், ஒவ்வொன்றும் 4.2 மி.மீ. இந்த இரண்டும் தவறினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் விமானம் வேறு வருடத்துக்குப் போய்விடும். சின்னங்களை மாஸ்க் (மறைப்புத் தாள்) வெட்டிப் பெயின்ட் அடிப்பதே நல்லது. மஞ்சளுக்கு அடியில் வெள்ளை அடிப்பூச்சு கட்டாயம். சாம்பல் மேல் நேராக அடித்தால் மஞ்சள் அழுக்குப் பச்சையாகத் தெரியும்.

மேல்பக்கம் கரும்பச்சையும் ஓஷன் கிரேயும், அடிப்பக்கம் மீடியம் சீ கிரே. டாமியா பெயின்ட்டில் முறையே XF-81, XF-82, XF-83. இந்தத் திட்டம் 1941 ஆகஸ்டில்தான் வந்தது. ஓஷன் கிரே போதாத இடங்களில் மீடியம் சீ கிரே 7 பங்கு, கறுப்பு 1 பங்கு கலந்து அடித்தார்கள். அதே விகிதத்தில் சிறு பாட்டிலில் கலந்து, கறுப்பை மட்டும் அரை அரைச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மாடல் பெயின்ட்டில் கறுப்பு சீக்கிரம் மேலோங்கிவிடும். பெயின்ட்டும் தின்னரும் சம அளவு, ஏர்பிரஷ்ஷின் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ.

வாலுக்கு முன்னுள்ள ஸ்கை (வெளிர்பச்சை) நிறப் பட்டை 18 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. உடல் அங்கே குறுகிக்கொண்டே போவதால் நேர் டேப் சுற்றினால் முனைகள் சந்திக்காது. 1 மி.மீ. மெல்லிய டேப்பால் இரு ஓரங்களையும் முதலில் கட்டிவிட்டு, அப்புறம் மீதியை மூடலாம். எழுத்துகளும் ஸ்கைதான், உயரம் 12.7 மி.மீ. இறக்கை முன்விளிம்பின் வெளிப்பாதியில் மஞ்சள் பட்டை; துப்பாக்கி வாய்களுக்கு அதன் மேல் சிவப்புத் துண்டுகள்.

அதிக நேரம் எடுத்தது காக்பிட் மூடி. மகீ இந்த மூடியைப் பின்னே தள்ளப் போராடியதையும், எழுந்து குதித்ததையும் கீழே ஒரு விவசாயி பார்த்தார். பாராசூட் விரிய உயரம் போதவில்லை. மூடியை அப்படியே கழற்றி எறிய உள்ளே உச்சியில் ஒரு ரப்பர் பந்து உண்டு: அதைக் கீழும் முன்னுமாக இழுத்து, முழங்கைகளால் கீழ்விளிம்பை வெளியே தள்ள வேண்டும். சுழலும் விமானத்தில் சில நொடிகளுக்குள் நடக்க வேண்டிய வேலை இது. எந்த கிட்டிலும் இந்தப் பந்து இருக்காது. ஸ்ப்ரூவை (கிட் துண்டுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தை) சூடாக்கி இழுத்த மெல்லிய நூலின் நுனியில் ஒரு துளி பிவிஏ பசை வைத்தால் போதும், உலர்ந்ததும் கறுப்பு.

திறந்த மூடிக்குத் தனித் துண்டு வராத கிட்டில், மூடியின் தடித்த பிளாஸ்டிக் விமானத்தின் முதுகின் மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். உட்பக்கத்தை 1000, 2000, 4000 காகிதங்களால் ஈரத்தில் தேய்த்து, பாலிஷ் போட்டு, கிளாஸ் வார்னிஷில் முக்கி எடுக்க வேண்டும். காக்பிட்டின் பக்கக் கதவைப் பாதிப் பூட்டில், சற்றே வெளியே சாய்த்து ஒட்டலாம்: புறப்படும்போதும் இறங்கும்போதும் மூடி தானாக முன்னே வந்து சாத்திக்கொள்ளாமல் தடுக்க விமானிகள் அப்படித்தான் வைத்தார்கள்.

இன்னும் பாக்கி: பேனல் கோடுகளுக்கு வாஷ் (நீர்த்த கறுப்புப் பெயின்ட்), என்ஜின் புகைக் கறை, மேட் வார்னிஷ். கறையைக் குறைத்தே போட வேண்டும். சில மாதங்களே பறந்த விமானம் இது.